மூன்றாம் பிரதி

மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுங்கள் என்றார் வைத்தியர்.
இரண்டு கிழமை.
அதை அவர் இரண்டாம் குறுக்குத் தெருவில்,
பொதி இறங்கும் நேரத்தில்
நின்று சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

நாளுக்கு நூற்றெண்பது பில்.
வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு.
இடையில் இரண்டு காபன் தாள்.
பதினொரு வருடமாகப்
பேனையின் கழுத்தை நெரித்தே எழுதினேன்.
நடுவிரலின் முதற்கணுவில்
பருப்பளவில் ஒரு காய்ப்பு,
சேவைச் சான்றிதழ் மாதிரி.

ஒரு மாலை, மட்டக்குளி பஸ்ஸில்
என் போனுக்குள் யாரோ எழுதிக்கொண்டிருந்தார்.
முகம் இல்லை, கை மட்டும்.
விரல்கள் அசையவில்லை.
முழங்கைக்குக் கீழுள்ள சதை மேசையில் கிடக்க,
அதன்மேல் முழுக் கையும்
நங்கூரமிட்ட வள்ளம்போல்
போய்ப் போய் வந்தது.
எழுத்து பின்னாலேயே வந்தது.
கொட்டாஞ்சேனையில் இறங்க மறந்து
இரண்டு தரிப்புத் தள்ளி இறங்கினேன்.

அன்றிரவே தொடங்கியாயிற்று.
பழைய மின்சார பில்களின் முதுகில்
ஒன்றின்மேல் ஒன்றாக இருநூறு முட்டை.
ஒன்றாவது முட்டையாக இல்லை.
சில பப்பாசி. சில நசுங்கிய போத்தல்.
தயாபரன் எட்டிப் பார்த்து
"கோழிப் பண்ணை போடப் போறீரோ?" என்றார்.

தோளுக்கு எழுதத் தெரியாது.
ஈரச் சேலை உதறத் தெரியும்.
பஸ் கம்பியில் தொங்கத் தெரியும்.
அதற்கு ஆங்கிலக் கூட்டெழுத்துப் பழக்குவது
மாட்டை மாடிப்படியில் ஏற்றுவது மாதிரி.
விரலோ, வேலையை விட்டுக்கொடுக்காத
பழைய கிளார்க்.
கொஞ்சம் கண் அசந்தால்
திரும்பவும் கதிரையில் வந்து குந்திவிடும்.

நாலாவது கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை,
மத்துகமவிலிருந்து வந்தவரின் கடைப்பெயர்
தொடக்கத்திலிருந்து கடைசி எழுத்துவரை
பேனை எடுக்காமல் வந்தது.
எம்மும் என்னும் யூவும்
ஒரே முள்வேலியாக நின்ற இடத்தில்
இப்போது ஆள் நடக்க வழி இருந்தது.
அவர் பில்லை வாங்கி, பார்த்து,
மடிக்காமல் கொண்டுபோனார்.
மணிக்கட்டு நோகவில்லை.
நாள் முழுக்க அதை அமத்தி அமத்திப் பார்த்தேன்,
நோவைத் தொலைத்தவள் மாதிரி.

வெள்ளிக்கிழமை ரிஸ்மி முதலாளி
ஒரு கட்டு இளஞ்சிவப்புத் தாளை
மேசையில் போட்டார்.
"இது என்ன புள்ள,
ஜின் எழுதின மாதிரி ஈக்கிது?"

வெறுந்தாள்.
தோள் பேனையை அழுத்துவதில்லை.
வெள்ளையில் அழகு, மஞ்சளில் மங்கல்,
மூன்றாவதில் நான் இல்லவே இல்லை.

மூன்றாவது எங்கே போகிறதென்று
பதினொரு வருடத்தில் நான் கேட்டதில்லை.
பின்னால், ஸ்டோருக்குப் போகிறது.
நாட்டாமி சுமணபாலவின் கைக்கு.
போய்ப் பார்த்தேன்.
மேலே ஒற்றைப் பல்ப்.
தாளை அதற்குக் கீழே சரித்துப் பிடித்து
மையில்லாத பள்ளத்தில்
எத்தனை பொதி என்று தேடிக்கொண்டிருந்தான்.
நாற்பத்தெட்டை அவன் நாற்பத்தொன்றாக எடுத்து,
ஏழு பொதி திரைச்சீலை
லொறி ஏறாமல் கிடந்தது.

மன்னிப்புக் கேட்க வந்தவளிடம்
அவன் தன் தமிழில் சொன்னான்:
"நம்பர் மட்டும் காணும் அக்கா.
நம்பர் கொஞ்சம் கோபமா எழுதுங்க."

இப்போது அப்படித்தான்.
பெயர் வரும்போது விரல் தூங்கும், தோள் போகும்.
தொகை வரும்போது விரலை எழுப்பி
பழையபடி கழுத்தை நெரிக்கிறேன்.
மணிக்கட்டு சனிக்கிழமைகளில் மட்டும் நோகிறது.

இளஞ்சிவப்புத் தாளில்
நாற்பத்தெட்டு, ஆணி அடித்ததுபோல்.
அதற்கு மேலே ஒரு கடையின் பெயர்
இருக்கிறதோ இல்லையோ என்று ஓடுகிறது.
சுமணபால அதைப் பார்ப்பதில்லை.
அது அவனுக்கு எழுதியதும் இல்லை.